சந்தன வாசனைக்காரன்

ராஜபாளையத்திலிருந்து வந்த பஸ் நாச்சியாரை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்டபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அதற்குள் வெயில் ரோட்டை வறுத்துக்கொண்டிருந்தது. கையில் துணிப்பெட்டி, தோளில் லேப்டாப் பை. இரண்டு மாதத்துக்கு வாடகைக்குப் பிடித்திருந்த பழைய வீட்டின் வாசலில், வீட்டுக்காரி ஹபீபுன்னிசா சாவியோடு நின்றிருந்தாள்.

"தனியாவா இருக்கப்போறீய?"

"ஆமாக்கா. கதை எழுதணும். எங்க அண்ணன் வீட்டுல மூணு பிள்ளைக, ஒரு டிவி. ஒரு வரி ஓட மாட்டேங்குது."

ஹபீபுன்னிசா சிரிக்கவில்லை. "பின்பக்க ரூம்ல லேசா வாடை இருக்கும். எலியா இருக்கும். பினாயில் ஊத்திக் கழுவிட்டேன்" என்று சொல்லி, வாசற்படி ஏறாமலே போய்விட்டாள்.

நாச்சியார் எழுதுவது பேய்க்காதல் கதை. செல்போனில் படிக்கும் ஒரு கதைச் செயலியில் வாரம் இரண்டு அத்தியாயம். அவள் நாயகன் மித்ரன் செத்து நூறு வருடமாகிறது. ஆனாலும் அழுகாதவன். மேனியெல்லாம் சந்தன வாசனை, பளிங்கு மார்பு, குளிர்ந்த விரல். நாயகி தூங்கும்போது தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். அவள் ஏறும் பஸ்ஸில் பின்னாலேயே ஏறுவான். 'வராதே' என்று அவள் அழுதால் சிரிப்பான். நாற்பதாயிரம் பேர் உருகி உருகிப் படித்தார்கள்.

"பிணத்துலேருந்து பிணத்த எடுத்துரணும். அம்புட்டுதான் தொழிலு" என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாள் நாச்சியார்.

இரண்டாம் நாள், பின்பக்க அறை அலமாரியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை உருவியபோது ஒரு போட்டோ விழுந்தது. சுருட்டை முடி, அடர்ந்த மீசை, கேமராவையே விழுங்குவதுபோல ஒரு பார்வை. யாரோ இளவட்டம். அந்த முகத்தை அப்படியே மித்ரனுக்குக் கொடுத்தாள். அன்று எழுதிய அத்தியாயத்துக்கு வாசகிகள் விட்ட இதயக் குறிகளுக்குக் கணக்கில்லை.

நாலாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவளுக்குச் சந்தன வாசனை வந்தது.

பயமில்லை. கொஞ்சம் கிளுகிளுப்பாகக்கூட இருந்தது. ஒரு குளிர்ந்த விரல் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியது. தான் எழுதியதே கனவில் வருகிறது என்று எண்ணி, கண்ணை மூடியபடியே புன்னகைத்தாள். விரல் கன்னத்தில் இறங்கி, உதட்டோரம் வந்து நின்றது.

அங்கேதான் அது வழுக்கியது.

சந்தனத்துக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை மேலே ஏறி வந்தது. மூடி வைத்து மறந்துபோன கறிப் பாத்திரத்தைத் திறந்ததுபோல.

எழுந்து உட்கார்ந்தாள். யாருமில்லை. கன்னத்தைத் தொட்டால் பிசுபிசுத்தது. விரலில் ஒட்டி வந்ததை வெளிச்சத்தில் பார்த்தாள்.

மெல்லிய தோல். அதில் பாதி நகம்.

தலையோடு நாலு தடவை தண்ணீர் ஊற்றிக்கொண்டும் அருவருப்பு அடங்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அப்போதே ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். வன்னியம்பட்டி விலக்கு தாண்டுவதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போனார்கள். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"யக்கா, பையில என்ன? கருவாடா?"

"ஒண்ணுமில்லையே."

"பின்னாடி இருக்கவரு ஒங்க கூட வந்தவரா? எறங்கிருங்கக்கா. சனம் வாந்தி எடுக்குது."

நாச்சியார் திரும்பிப் பார்க்கவில்லை. பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

இறங்கினாள். இந்த நாற்றத்தை அண்ணன் பிள்ளைகளிடம் கொண்டுபோக மனம் வரவில்லை. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினாள்.

கதவைத் திறந்தபோது, அவள் உட்கார்ந்து எழுதும் நாற்காலியில் அவன் இருந்தான்.

போட்டோவில் இருந்த முகம்தான். ஊதிப் பருத்துக் கறுத்திருந்தது. மீசை ஒரு பக்கம் தோலோடு வழிந்து தாடைக்கு இறங்கியிருந்தது. கண்ணோரத்தில் ஈக்கள் சாவகாசமாக நடந்தன. நாற்காலியின் கீழே தரையில் மஞ்சளாக என்னவோ சொட்டிக்கொண்டிருந்தது.

"போ... போயிரு" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்தது.

"உன் 'வேண்டாம்' என் காதில் 'வேண்டும்' என்றுதான் விழுகிறது, கண்மணி."

அவளுடைய வரி. பதினேழாம் அத்தியாயம்.

நாச்சியார் வாசலிலேயே குடம் குடமாக வாந்தி எடுத்தாள். பிறகு தெருமுனையில் இருந்த ஹபீபுன்னிசா வீட்டுக்கு ஓடினாள்.

ஹபீபுன்னிசா அவளை உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். லேப்டாப் பையிலிருந்து எடுத்து நாச்சியார் நீட்டிய போட்டோவைத் தொடாமலே பார்த்தாள்.

"ஐயாதுரை. போன வருசம் வரைக்கும் அந்த வீட்டுல குடியிருந்தான். செத்து எட்டு நாள் கழிச்சுத்தான் தெருவுக்கே தெரிஞ்சுது. சொல்லாம விட்டது என் தப்புத்தான்மா."

"நல்லவரா, அக்கா?"

"நல்லவனா? ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனிக்குப் போற ஒரு புள்ள, மாரீஸ்வரின்னு பேரு. மூணு வருசம் அது பின்னாலயே திரிஞ்சான். அது ஏறுற பஸ்ல ஏறுவான். கம்பெனி கேட்டுல நிப்பான். சந்தனத்தப் பூசிக்கிட்டு ராத்திரி அது வீட்டு ஜன்னல்ல வந்து நிப்பான். வேண்டாம் வேண்டாம்னு கால்ல விழுந்துச்சு அந்தப் புள்ள. சிரிப்பானாம். அது வேலைய விட்டுச்சு, ஊர விட்டுச்சு, கடைசில உசிரையே விட்டுருச்சு."

நாச்சியாருக்கு மறுபடி குமட்டியது. இந்தத் தடவை நாற்றம் எதுவும் இல்லை.

"அதைத்தானக்கா நான் எழுதுனேன்" என்றாள். "ஒண்ணு விடாம."

அங்கேயே உட்கார்ந்து, செயலியைத் திறந்து, முப்பத்தொரு அத்தியாயத்தையும் அழித்தாள். ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் ஒரு வரியாவது கண்ணில் பட்டது. பட்ட வரியெல்லாம் கூசியது. கடைசி அத்தியாயமும் போனதும் ஹபீபுன்னிசாவும் அவளுமாகப் போய் வீட்டைத் திறந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது. தரை காய்ந்திருந்தது. பினாயில் வாசனை மட்டும்தான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு அன்று மாலையே ராஜபாளையம் போய்ச் சேர்ந்தாள். அண்ணன் பிள்ளைகளின் கூச்சல் அமிர்தமாக இருந்தது. ஒரு வாரம் போனது. சோறு இறங்கியது. மதியத் தூக்கமும் வந்தது.

எட்டாம் நாள் பகலில் ஒரு செய்தி வந்தது. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கும், ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒரு வாசகி. பெயர் இந்து.

"அக்கா, கதைய ஏன் நிறுத்திட்டீங்க? பரவாயில்ல. மிச்சத்த அவரே எனக்குச் சொல்லுதாரு. தெனமும் கட்டில்ல பக்கத்துலயே வந்து உக்காந்துக்கிடுதாரு. போங்கன்னாலும் போக மாட்டேங்காரு."

நாச்சியார் பதில் எழுதத் தொடங்குவதற்குள் அடுத்த வரி வந்து விழுந்தது.

"வாய் மட்டும் கொஞ்சம் நாறுது. அதெல்லாம் பழகிரும், இல்லக்கா?"