எட்டாவது ஆட்டக்காரன்

ஒலுவில் துறைமுகத்துக்குள் அஸ்ஹர் வாகனத்தை நிறுத்தியபோது வெயில் தணிந்து காற்று கிளம்பியிருந்தது. உலரப் போட்ட வலைகளையும் மீன் பெட்டிகளையும் தாண்டி, கல்லணையை ஒட்டி, அந்தப் படகு நின்றது. உடம்பு முழுக்கப் புது வெள்ளைப் பூச்சு. மேல்தட்டைச் சுற்றி நிறநிறமாக மின்குமிழ்கள். ‘கடல் விருந்து – பாட்டு, பொல்லடி, சஹன் சாப்பாடு’ என்று எழுதிய துணி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

“போட்டோவில பாத்தத விட நல்லாத்தான் இரிக்கி, என்ன?” என்றான் அஸ்ஹர்.

அவன் மனைவி றினோஸா படபடக்கும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெஹிவளையிலிருந்து புறப்பட்டு, ஏறாவூரில் அவன் வீட்டில் தங்கி, பாசிக்குடா பார்த்து, பொத்துவில் பக்கம் போகிற பயணம் இது. நடுவில் இப்படி ஒரு கடல் விருந்து என்று அவன்தான் ஏற்பாடு செய்திருந்தான். அவளுடைய அண்ணன் கடலில் மூழ்கி மௌத்தானவன் என்பது அவனுக்குத் தெரியும். எந்தக் கடல் என்று அவள் சொன்னதில்லை. பிறந்த ஊரான பாலமுனை இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லவில்லை.

ஏறும் பலகையருகே, தலையில் வெள்ளைத் தொப்பியும் உடம்பெல்லாம் அத்தர் வாசமுமாக ஒருவர் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். தாடி நரைத்துவிட்டது. வயிறு முன்தள்ளிவிட்டது. ஆனால் அந்தக் குரலை றினோஸா எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டிருப்பாள்.

முகைதீன்பாவா ஹாஜியார்.

அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, பள்ளிவாசல் முற்றத்தில், ஊர்ப் பெரியவர்களின் முன்னால் இதே குரல்தான் சொன்னது: “நான் ஒண்டும் காணல்ல. கடல்ல ஒரு சத்தமும் கேக்கல்ல.”

அதற்குச் சில நாள் முன்பு ஒரு மாலை, அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஜெஸீலும் அவன் கூட்டாளி ஒருவனும் சின்னப் படகில் வலை போடப் போயிருந்தார்கள். ஒரு பெரிய படகு அவர்கள் மேல் ஏறிப் போனது. வெற்றுக் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை சேர்ந்த கூட்டாளி நடந்ததைச் சொன்னான். பெரிய படகு திரும்பி வந்ததாம். விளக்கை அடித்துப் பார்த்ததாம். தண்ணீரிலிருந்து இரண்டு பேரும் கத்தியிருக்கிறார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டதாம். அது ஹாஜியாரின் படகுதான் என்று அவன் சத்தியம் செய்தான். இருட்டில் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது. அடக்கம் செய்யக்கூட ஜெஸீலின் மையித்து கரைக்கு வரவே இல்லை. அந்த வருடமே வாப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டார்.

“மச்சான், நாம போவம். எனக்கு இது வேணா,” என்று அவள் அஸ்ஹரின் கையைப் பிடித்தாள்.

அவள் தயங்குவதைக் கண்டு ஹாஜியார் சிரித்தார். அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

“பயப்படாம வாங்க மகள். பதினஞ்சு வருஷத்துக்கு மேல மீன் புடிச்ச போட்டு இது. இப்பதான் விருந்துப் போட்டாக்கி இரிக்கன். இதால ஒரு உசிருக்கு ஒரு சேதம் வந்ததில்ல.”

அப்படியானால் இது அதே படகுதான். றினோஸாவின் கை தானாகவே அஸ்ஹரை விட்டது. பலகையில் கால் வைத்து அவள்தான் முதலில் ஏறினாள்.

படகு துறைமுக வாயைத் தாண்டியதும் அலை மெல்ல ஆட்டத் தொடங்கியது. கிழக்குக் கரையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதில்லை. கரைத் தென்னைகளுக்குப் பின்னால், வயல்களுக்கும் அப்பால் எங்கோ போய் விழுந்துவிடும். முதலில் இருள்வது கடல்தான். கரையில் இன்னும் செம்மை மிச்சமிருக்க, படகைச் சுற்றிய தண்ணீர் கறுத்துத் தடித்துக் கிடந்தது.

தட்டில் விரித்த பாய்களில் எல்லாரும் மஃரிப் தொழுதார்கள். பிறகு, பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டுகளாகச் சஹன்கள் வந்தன. நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, பொரித்த இறால், ஓரத்தில் அச்சாறு. சாம்பிராணி கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகைக்கும் புதுப் பூச்சின் வாடைக்கும் அடியிலிருந்து, பலகை இடுக்குகள் வழியாக, பழைய மீனும் டீசலும் கலந்த நாற்றம் எட்டிப் பார்த்தது. றினோஸா ஒரு பிடிகூட விழுங்கவில்லை.

“என்ன புள்ள, போட்டு ஆடுறதுல சத்தி வருதா?” என்றான் அஸ்ஹர்.

“இல்ல. நீங்க தின்னுங்க.”

கையில் பொல் எனும் குட்டைக் கோல்களோடு பொல்லடிக்காரர்கள் வந்து நின்றார்கள். வெள்ளைச் சாரனும் பச்சைச் சால்வையுமாக இளம் பையன்கள். அவர்களுக்கு ஆட்டம் பழக்கிய அண்ணாவியார் முன்னால் வந்து சலாம் சொன்னார்.

“எட்டுப் பேர் ஆடுற ஆட்டம். ஒருத்தனுக்குக் காய்ச்சல். ஏழு பேராத்தான் வந்திரிக்கம். எட்டாவது எடம் வெறுசாக் கிடக்கும். அந்தப் பக்கம் போற அடிய எங்கட பொடியன்மார் காத்துல அடிப்பாங்க. குறையா நினைக்காதீங்க.”

ஆட்டம் தொடங்கியது. வட்டமாகச் சுற்றி, குனிந்து நிமிர்ந்து, பக்கத்தில் நிற்பவனின் பொல்லோடு பொல்லை மோதி ஆடினார்கள். பொல்லோடு பொல் மோதும் சத்தம் கடல் மேல் பரவிப் போனது. வெற்றிடத்துக்குப் பக்கத்தில் நின்ற பையன் மட்டும் தன் முறை வரும்போது காற்றில் வீசினான். அந்த ஒரு அடிக்குச் சத்தம் இல்லை.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றிலும் அவன் காற்றில் வீசினான்.

டக்.

பையன் தன் பொல்லைப் பார்த்தான். தாளத்தைத் தவறவிட்டு, திரும்பப் பிடித்து ஆடினான். அவன் முறை மறுபடி வந்தது.

டக்.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஏதோ வித்தை என்று நினைத்தார்கள். பையனின் பொல்லிலிருந்து தண்ணீர் சொட்டுவதை றினோஸா கண்டாள். தட்டின் பலகையில், யாரும் நிற்காத அந்த இடத்தில், ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

வட்டம் திசை மாறித் திரும்பியது. திரும்பும் அந்தக் கணத்தில் வெற்றிடத்திலிருந்து சத்தம் இரட்டையாக வந்தது.

டக்-டக்.

திரும்பும்போது இரட்டை அடி வைப்பது ஜெஸீலின் வழக்கம். அதற்காகவே ஊர் அண்ணாவியாரிடம் ஏச்சு வாங்குவான். வீட்டுக் கதவு நிலையில் பொல்லால் தட்டித் தட்டிப் பழகுவான். பாயில் கிடந்தபடி அவள், “காக்கா, போதும், நித்திர வருது” என்பாள். வேறு யார் சொன்னாலும் கேட்காதவன், அவள் சொன்னால் அந்த நொடியே நிறுத்திவிடுவான்.

ஹாஜியார் ஒலிவாங்கியோடு முன்னால் வந்தார். “பாத்தீங்களா சபையோரே! வெறும் எடத்துலயும் சத்தம் வருது! எங்கட போட்டுக்கு வந்தாத்தான் இப்புடிக் கூத்தெல்லாம் காணலாம். எட்டாவது ஆள் நானே நிக்கன்!”

கீழே கிடந்த ஒரு சோடிப் பொல்லை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் புகுந்தார். கூட்டம் ஆரவாரித்தது.

அவர் ஈரத்தில் கால் வைத்ததும் இயந்திரம் நின்றது.

யாரும் நிறுத்தவில்லை. ஓட்டுநர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தான். நிறக் குமிழ்கள் ஒவ்வொன்றாக மங்கி, அடுப்புத் தணல் போலச் சிவந்து நின்றன. காற்றும் விழுந்துவிட்டது. எங்கிருந்தோ, நாள்கணக்கில் ஊறிய வலையின் நாற்றம் வந்தது.

பையன்கள் ஒருவர் பின் ஒருவராகப் பொல்லைக் கீழே போட்டு விலகினார்கள். அண்ணாவியார் “லா ஹவ்ல” என்று முணுமுணுத்துக்கொண்டு பின்வாங்கினார்.

ஆனால் சத்தம் நிற்கவில்லை.

டக். டக். டக்.

ஹாஜியார் நடுவில் தனியாக நின்று அடித்துக்கொண்டிருந்தார். வெறுங்காற்றிலிருந்து வந்த அடிகளைத் தன் பொல்லால் தடுத்துக்கொண்டிருந்தார். ஒரு அடியைத் தவறவிட்டார். அவர் முழங்கையில் ஏதோ விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

“அல்லாஹ்! யாரு? யாருடா அது?”

ஒரு கால் பின்னால் வைத்தார். அடி வேகம் கூடியது. மறுபடி பின்னால் போனார். பின்னால் படகின் ஓரக் கம்பி.

அஸ்ஹர் பாய்ந்து அவரைப் பிடிக்கப் போனான். யாரோ தள்ளியதுபோல மல்லாந்து விழுந்தான். அவன் சட்டையின் நெஞ்சில், ஐந்து விரலும் விரிந்த ஒரு கையின் ஈரத் தடம்.

அதன் பிறகு யாரும் அசையவில்லை.

றினோஸா எழுந்து நடந்தாள். அவளுக்கு எதுவும் தடையாக இல்லை. ஹாஜியாரின் முகத்துக்கு எதிரே போய் நின்றாள்.

“ஹாஜியார். நான் பாலமுனை உதுமாலெவ்வைட மகள். ஜெஸீல்ட தங்கச்சி.”

அவர் கண்கள் விரிந்தன. கைகள் மட்டும் நிற்காமல் தடுத்துக்கொண்டிருந்தன.

“மகள்... சொல்லுங்க மகள்... என்ன உடச் சொல்லுங்க...”

“அண்டைக்கு என்ன நடந்த?”

“நான் ஒண்டும் காண...”

மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த ஒலி.

“கண்டன்! கண்டன் மகள். கையக் காட்டிக் கத்தினான். ஏத்துங்க ஹாஜியார் எண்டு என்ட பேரச் சொல்லியே கத்தினான். லைட்ட அணைக்கச் சொன்னது நான்தான்.”

“ஏன்?”

“ஏத்தினா பொலிஸ், கோடு, வழக்கு எண்டு அலையோணும். போட்டப் புடிச்சிருவாங்க. அதுக்குப் பயந்துதான்... மகள், உங்கட காக்காட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பான்.”

கேட்பான். அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ‘காக்கா, போதும்’ என்ற இரண்டே சொற்கள். பல வருடங்களாகத் தொண்டையில் கிடக்கிற சொற்கள்தான்.

அந்த மனிதரின் அழுகையை அவள் பார்த்தாள். உம்மாவை நினைத்தாள். புது ஊரில், ஒவ்வொரு மாலையும் வாசலைப் பூட்டவிடாமல், “புள்ள வந்தா எப்புடி உள்ளுக்கு வருவான்?” என்று கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்த உம்மா.

றினோஸா கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். வாய் திறக்கவில்லை.

டக். டக். டக். டக்.

டக்-டக்.

கண்ணைத் திறந்தபோது கம்பியருகே யாரும் இல்லை. தண்ணீரில் ஏதும் விழுந்த சத்தம்கூட வரவில்லை. இயந்திரம் தானாக இருமிக்கொண்டு உயிர் பெற்றது. குமிழ்கள் பளீரென்று எரிந்தன. பெண்கள் அப்போதுதான் அலறினார்கள்.

மிதவைகளை வீசினார்கள். விளக்கடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். துறைமுகத்திலிருந்து வந்த படகுகளும் தேடின. விடிந்த பிறகு ஹாஜியாரின் மையித்து பாலமுனைக் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. மணிக்கட்டிலிருந்து தோள் வரை இரண்டு கைகளும் கறுத்துக் கன்றிப்போயிருந்தன. கல்லணையில் மோதியிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். படகில் இருந்தவர்களும், ஆடும்போது கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்றே வாக்குமூலம் கொடுத்தார்கள். வேறு எதைச் சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்?

பொத்துவில் பயணத்தைக் கைவிட்டு, அன்று பகல் இருவரும் ஏறாவூருக்குத் திரும்பினார்கள். அஸ்ஹர் வாகனத்தை ஓட்டினான். சாய்ந்தமருது கடந்தது. கல்முனைக் கடைத்தெருவின் நெரிசலும் கடந்தது. றினோஸாவின் மனம் ஆச்சரியமான அளவுக்கு லேசாக இருந்தது. தொண்டை மட்டும் இரவெல்லாம் கத்தியவளுக்குப் போலக் கரகரத்தது.

மருதமுனை தாண்டி, ஆளில்லாத ஓர் இடத்தில் அவன் வாகனத்தை ஓரங்கட்டினான். அவளைப் பார்க்காமல் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

“ஒண்டு கேக்கன். மறைக்காமச் சொல்லு. அந்த மனிசன் அழக்குள்ள நீ ஏன் அப்புடிச் சொல்லிக்கிட்டு நிண்ட?”

“என்னத்த?”

“கண்ண மூடிட்டு நிண்டு, ‘இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு’ எண்டு. ஒவ்வொரு அடிக்கும் நீதான் சொன்ன. எல்லாருக்கும் கேட்டிச்சி. பொலிஸுக்கு ஒருத்தரும் சொல்லல்ல, அவ்வளவுதான்.” அவன் குரல் தாழ்ந்தது. “றினோ, அது உன்ட கொரல் இல்ல. ஒரு ஆம்பிளட கொரல்.”

நான் வாயே திறக்கவில்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

சொல் வரவில்லை. கடல் தண்ணீர் வந்தது. உப்புக் கரிக்கக் கரிக்க, மணலும் அறுந்த வலை நூலுமாக, மடியில் வழிந்து இருக்கையில் ஓடியது. அஸ்ஹர் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தான். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள்.

விரல்களுக்கிடையில் அது வந்துகொண்டே இருந்தது.