மூன்றாம் பெட்டியின் ஆட்டம்

மலேசியாவின் ஆயர் தாவாரில் ஷர்மினியின் வீட்டுக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில் மூன்று தேனீப் பெட்டிகள் இருந்தன. மூன்றும் அம்மா மங்களத்தின் செல்லங்கள். ஆனால் மூன்றாவது பெட்டி என்றால் ஷர்மினிக்கு உயிர். அப்பாவின் பழைய ஹெல்மெட்டுக்குள் குடியேறப் பார்த்த கூட்டம் அது. அந்த ஹெல்மெட்டைத் தலையில் மாட்டப் போன அப்பாவைக் கத்திக் காப்பாற்றியவளே அவள்தான்!

ஒரு வாரமாக அந்தப் பெட்டித் தேனீக்கள் வாசலில் நின்று உடம்பை வெடவெடவென்று உதறிக்கொண்டிருந்தன.

"கண்ணு பட்டுடுச்சு," என்று அம்மா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். தேனீக்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆட்டமும் நின்றபாடில்லை.

சனிக்கிழமை காலை அப்பா தேவன் குனிந்து பார்த்தார். ஒரு தேனீயின் முதுகில் கடுகைவிடச் சின்னதாக, சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"ஐயையோ, உண்ணி! மத்த ரெண்டு பெட்டிக்கும் பரவிடும் லா. சாயங்காலம் இதைக் கொளுத்திட வேண்டியதுதான்."

"பா, வேணாம்பா!"

"எனக்கு மட்டும் ஆசையா? வேற வழி தெரியலம்மா."

ஷர்மினிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பூதக்கண்ணாடியோடு பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு தேனீ உடம்பை உதறியது. உடனே இன்னொன்று ஓடி வந்தது. அதன் இறக்கையை விலக்கி, முதுகெல்லாம் வாயால் துழாவியது. சிவப்பு உண்ணியைக் கண்டதும் ஒரே கடி!

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஷர்மினி யோசித்தாள். சட்டென்று அவள் கை தன் தலைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மா பேன் சீப்போடு வருவார். இவள் வீட்டைச் சுற்றி ஓடுவாள்.

"மா! பெட்டிக்கு அடியில ஒரு வெள்ளை அட்டை வைக்கலாமா?"

அம்மா அடித்தட்டை மெல்ல இழுத்தார். ஷர்மினி அட்டையில் தேங்காய் எண்ணெய் தடவி உள்ளே வைத்தாள்.

சாயங்காலம் அப்பா மண்ணெண்ணெய் டின்னோடு வந்தார். ஷர்மினி அட்டையை நீட்டினாள். எண்ணெயில் பதினொரு உண்ணிகள் ஒட்டிக் கிடந்தன. அப்பா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"இதுக்குக் கால் எங்க? அதுக்கு முதுகே நசுங்கிப் போயிருக்கு!"

"தேனீங்க கடிச்சதுப்பா. அதுங்க நோயில ஆடல. 'எனக்குப் பேன் பாரு'ன்னு கூப்பிடுதுங்க. போன மாசம் எனக்கும்தானே பேன் வந்துச்சு? என்னைக் கொளுத்தினீங்களா?"

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா அசடு வழிய டின்னைக் கீழே வைத்தார்.

"சரி லா, ஒரு மாசம் பார்ப்போம். ஆனா தினமும் நீதான் எண்ணணும்."

ஷர்மினி தினமும் எண்ணினாள். பதினொன்று ஏழானது, ஏழு மூன்றானது. மாதக் கடைசியில் இரண்டு நாள் அட்டை சுத்தமாகவே இருந்தது. மூன்றாம் பெட்டி முன்பு போலவே ரீங்காரம் போட்டது. அப்பா மண்ணெண்ணெய் டின்னைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஷர்மினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா பேன் சீப்பை எடுத்துக்கொண்டு, ஓடிப் பிடிக்கத் தயாராகப் புடவையை இழுத்துச் செருகினார்.

ஷர்மினி ஓடவில்லை. அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, உடம்பை வெடவெடவென்று ஓர் உதறு உதறிவிட்டு, சமர்த்தாக உட்கார்ந்தாள்.