அவரு வந்ததிலேர்ந்து

தணிகாசலத்துக்குச் சாதாரணமாகப் பேச வராது. மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேசுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, படப்பையில் கோபிநாத் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, "என் இல்லத்தில் ஓர் இணையக் கொள்ளை நடந்துகொண்டிருக்கிறது" என்று அவர் அறிவித்தபோது, கைதட்ட வேண்டுமோ என்று கோபிநாத்துக்கு ஒரு கணம் குழப்பமாகிவிட்டது.

கொள்ளை போனது வைஃபை. தணிகாசலம் வடக்குப்பட்டில் லாரிகள் விடுகிறவர். அதைவிட முக்கியம், தானே தொடங்கிய எழுச்சிப் பேரவைக்குத் தானே நிரந்தரத் தலைவர். வாராவாரம் சோபாவில் சாய்ந்தபடி போனில் நேரலை உரை ஆற்றுவார். சமீப காலமாக, உரை சூடுபிடிக்கும் இடத்தில் வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்துபோகிறார். அந்தக் கோலத்தை யாரோ ஸ்டிக்கராக்கி, பேரவை குரூப்பிலேயே காலை வணக்கம் சொல்லப் பயன்படுத்துகிறார்கள்.

குற்றவாளியையும் அவரே பிடித்து வைத்திருந்தார். மாடி அறைக்குப் புதிதாகக் குடிவந்த மகாராஜா. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. எந்நேரமும் மாடிப்படியில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறானாம். அவனை இன்றே காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. ஆதாரம் மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் ராஜலட்சுமி.

கோபிநாத்தின் மனைவி ராஜலட்சுமிக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் பாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி வேலை. ஆறு நாளும் பிசிறு தேடுகிறவள். ஏழாம் நாள் ஊரார் புதிர்களைத் தேடிக்கொடுப்பாள். பேச்சு குறைவு. அந்தக் குறையைக் கோபிநாத் தாராளமாக நிரப்பிவிடுவான்.

வடக்குப்பட்டுக்குப் போகும் வழியெல்லாம் தணிகாசலம் காரில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார். மகாராஜாவின் கம்பெனி அதிகாரிக்குப் புகார். சங்க காலத்தில் களவு எப்படித் தண்டிக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்கி, படம் நீண்டுகொண்டே போனது. வீட்டு வாசலில் இறங்கியதும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பச்சை வட்டம் சுழலத் தொடங்கியது. அது சுற்றி முடிந்தால் காண்ட்ராக்ட் பையனுக்கு வேலை போச்சு. கோபிநாத்துக்கு அந்த வட்டத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கூடம் முழுக்க ஷீல்டுகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னாடைகள். நடு ஷோகேஸில் ஆள் உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் தகட்டில் தணிகாசலத்தின் உருவம். அவருடைய மணிவிழாவுக்கு ஷீட்மெட்டல் பட்டறைக்காரர்கள் லேசரில் செதுக்கிக் கொடுத்தது. எதிர்ச் சோபாவை அது புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தது. ரவுட்டர் எங்கே என்று ராஜலட்சுமி கேட்டாள். ஒயர் தெரிந்தால் கூடத்துக்கு லட்சணமில்லை என்று தகட்டுக்குப் பின்னால் வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஒயர் வழியே இணையம் வரும் டிவியில் அவர் மனைவி தாயாரம்மாள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரின் கண்ணீர் தங்குதடையின்றி ஓடியது.

"எப்போலேர்ந்தும்மா ஸ்லோ?" என்றாள் ராஜலட்சுமி.

"அவரு வூட்டுக்குள்ள வந்தாரில்ல, அன்னிலேர்ந்துதான் இப்டி கீது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மாடியில அந்தப் புள்ள காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல. போய் பாரும்மா."

கோபிநாத் மனைவியின் முழங்கையை இடித்தான். வந்த அன்றிலிருந்து. வேறென்ன சாட்சி வேண்டும்?

ஷோகேஸுக்குப் பின்சுவரை ஒட்டிய மாடிப்படியில் மகாராஜா பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பாஸ்வேர்டே எனக்குத் தெரியாதுக்கா. மேல தகர ஷீட்டு, அனலா அடிக்கி. அதான் படியில இருக்கேன். என் நெட்டுதான். இசக்கிசெல்வி ஷிஃப்ட் முடிஞ்சு வாறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லுதாவ. புருசன் பொண்டாட்டிக்கு இங்க யாரு ரூம் தாரா? எல்லாம் பேச்சிலருக்குத்தான்."

ராஜலட்சுமி தாயாரம்மாளிடம் பாஸ்வேர்டு வாங்கி, அதே படியில் நின்று தன் போனில் ஒரு படத்தை ஓடவிட்டாள். நிற்காமல் ஓடியது.

"பாத்தியா ராஜி, வேகமெல்லாம் இங்கதான் பதுங்கிகினு கீது" என்றான் கோபிநாத். அவள் தலையாட்டினாள். ஒப்புக்கொள்கிறாளா, அவனுக்காகப் பரிதாபப்படுகிறாளா என்று அவனுக்கு இத்தனை வருடத்தில் பிடிபட்டதில்லை.

திரும்பியபோது தணிகாசலம் போனை ஏந்தியபடி படிப்பக்கம் வந்துகொண்டிருந்தார். வட்டம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. ராஜலட்சுமி வழியை மறித்தாள். "ஐயா, நீங்க சோபாலயே உக்காருங்க. தலைவர் நின்னா நாங்க எப்படி உக்கார்றது?" அவர் மகிழ்ந்துபோய் உட்கார்ந்தார். இவள் எப்போதிலிருந்து இப்படிக் குழைகிறாள் என்று கோபிநாத்துக்கு எரிச்சலாக வந்தது.

மகாராஜாவையும் உள்ளே கூப்பிட்டு நிறுத்திவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

"தம்பி நெட்டை உறிஞ்சியிருந்தா எல்லாருக்கும் கொறையணும். ஒயர்ல ஓடுற சீரியல் ஒருதரம்கூட நிக்கல. அப்ப வர்ற லைன்ல குத்தமில்ல. செவுத்துக்கு அந்தாண்ட படியில என் போனுக்கு முழு வேகம். அப்ப ரவுட்டர்லயும் குத்தமில்ல. இந்த சோபாவுக்கு மட்டும்தான் எட்டல. ரவுட்டருக்கும் சோபாவுக்கும் நடுவுல யாரோ நிக்கிறாரு."

"யார் அந்தக் கயவன்?" என்றார் தணிகாசலம்.

"அம்மா மொதல்லயே சொல்லிட்டாங்க, அவருன்னு. மாடித் தம்பி அவங்களுக்கு அந்தப் புள்ள. புருசன் பேரைச் சொல்லாதவங்க வாயில அவருன்னா ஒருத்தருதான்."

எல்லோரும் ஷோகேஸைப் பார்த்தார்கள். எவர்சில்வர் தணிகாசலம் மார்பை நிமிர்த்தி, ரவுட்டரை முழுசாக மறைத்துக்கொண்டு சிரித்தார். மணிவிழா முடிந்து அவர் உள்ளே வந்ததும், மகாராஜா குடிவந்ததும் ஒரே வாரம்.

கோபிநாத் பாய்ந்துபோய்த் தகட்டைப் பிடித்தான். ராஜலட்சுமி அவன் கையைப் பற்றினாள்.

"நகத்தாதீங்க. நகத்தினா அந்த வீடியோ ஒரே மூச்சுல போயிடும்."

அவன் கை அப்படியே நின்றது. சோபா எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

வீடியோவை நிறுத்தும்படி அவள் கேட்டாள். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் பரம்பரை தன்னுடையதல்ல என்று தணிகாசலம் விளக்கத் தொடங்கினார். வட்டத்தில் ஒரு நூலிழைதான் மிச்சம். மகாராஜா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

தாயாரம்மாள் டிவியை அணைத்தாள். அந்த வீட்டில் அது சாதாரண சம்பவமில்லை.

"அத்த நிறுத்துங்க" என்றாள்.

பரம்பரை ஒரு விரலை நீட்டிப் பெருக்கல் குறியை அழுத்தியது. வட்டம் மறைந்தது.

பையை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் மகாராஜா ஒரு முனையையும் கோபிநாத் மறு முனையையும் பிடித்துத் தகட்டை இறக்கினார்கள். தேங்கிக் கிடந்த காலை வணக்கங்கள் சோபாவில் இருந்த போனில் படபடவென்று வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் திறந்த வாய்.

தாயாரம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்து தகட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்லா கெட்டியாத்தான் கீறாரு. மாடியில அந்தப் புள்ள ரூமுக்கு வெயில் மறைக்க வெச்சிடலாம் அவர."

தணிகாசலம் சோபாவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். மைக் இல்லாத குரலில் கேட்டார்:

"யார?"