சாம்பல் நிறக் கவுனின் முதுகு

முதல் நாள் சாயங்காலம் முதுகைத் திறந்துபோட்டு மாட்டிவிட்டுப் போன கவுன், காலையில் வந்து பார்த்தபோது கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு தொங்கியது.

கிளிப்பம்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. நிற்க முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. உடுப்பறையில் கூட வேலை செய்கிற எவளாவது போட்டிருப்பாள் என்று முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். உடுப்பறையில் வேலை செய்வது தான் ஒருத்திதான் என்பது பாதிப் பொத்தானுக்கு மேல்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அலுத்துப்போனவர்களுக்குப் பயம்கூடத் தாமதமாகத்தான் வந்துசேரும்.

அந்த ஸ்டூடியோவுக்கு வரும் பெண்கள் நூறு வருஷம் பின்னால் போய்விட்டு, அரை மணியில் பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்புவார்கள். முதலாளியம்மா ஏலத்தில் கூடை கூடையாக வாங்கிய பழைய படங்கள் சுவர் முழுக்க இருந்தன. யார் வீட்டுப் பெண்களோ, உப்பிய கையும் லேஸ் கழுத்துமாக, கையுறைக்குள் விரல்களை மடக்கி, நாற்காலியைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். வருகிறவள் அதில் ஒருத்தியைக் காட்டி, "இவங்க மாதிரி" என்பாள். கிளிப்பம்மா அதே மாதிரி உடுத்திவிடுவாள். புகைப்படக்காரர் எடுத்து, பழுப்பு நிறத்தில் அச்சடித்துக் கொடுப்பார். "அந்தக் காலத்துல என்ன ஒரு நளினம்!" என்று பெருமூச்சு விடாத ஒருத்தியும் கிடையாது. அந்த நளினத்துக்குள் பெருமூச்சு விட இடமில்லை என்பது கிளிப்பம்மாவுக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொன்னதில்லை, வியாபாரம் கெட்டுவிடும்.

பழைய உடுப்பு எதுவும் இப்போதைய உடம்புக்குச் சேராது. அவற்றின் இடுப்பு உடுக்கை மாதிரிச் சிறுத்தது. வருகிறவர்களோ வயிறாரச் சாப்பிடுகிறவர்கள். அதனால் முதுகு மூடப்படுவதே இல்லை. இரண்டு ஓரத்தையும் நாடாவால் இழுத்து, துணி காயப்போடும் கிளிப்புகளால் கவ்வி நிறுத்துவதுதான் தொழில். கேமராவுக்கு முதுகு தெரியாது. "முன்னாடி சீமாட்டி, பின்னாடி கொடிக்கயிறு" என்பார் புகைப்படக்காரர். அவளுக்குக் கிளிப்பம்மா என்று பெயர் வைத்ததும் அவர்தான். இழுத்துப் பூட்டினால் நைந்த பட்டு கிழிந்துவிடும், ஆகவே பூட்டக்கூடாது. அந்த அறையில் இருந்த ஒரே சட்டம் அது.

சாம்பல் கவுன் வந்தபோது, அதை உடுத்தியிருந்தவளின் படமும் கூடவே வந்தது. படத்தில் ஈரம் ஏறி முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. மற்றதெல்லாம் துல்லியம்: மடிப்பு, லேஸ், இரண்டு கைக்குள் அடங்கிவிடும் இடுப்பு. கவுனில் பூச்சி உருண்டை வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. காதருகே குனிந்து ரகசியம் சொல்கிறவரின் வாய்க் காற்றுபோல, வெதுவெதுப்பாக, கொஞ்சம் புளிப்பாக. வெயிலில் போட்டும் அது போகவில்லை. எத்தனையோ பேர் அதை உடுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் படத்தில் இடுப்போரம் விரல் நுனிபோல ஒரு சின்னக் கறுப்பு விழுந்தது.

"அக்கா, உங்க விரல் திரும்பவும் படத்துல விழுந்திருக்கு" என்பார் புகைப்படக்காரர்.

"நான் அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து காலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்போ இது யாரு விரலு?"

"உங்க மாமியாரோடது. அழிச்சிட்டு வேலையைப் பாருங்க."

அவரும் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார். மாமியாரை அழித்த திருப்தி முகத்தில் கொஞ்ச நேரம் இருக்கும்.

கவுன் பூட்டிக்கிடந்த அன்று மத்தியானத்திலிருந்து மழை. வாசலுக்குப் புது விளம்பரப் பலகை வைக்கப்போவதாகவும், அதில் சாம்பல் கவுன் உடுத்திய படம்தான் வேண்டும் என்றும் முதலாளியம்மா போனில் சொல்லியிருந்தாள். அதை உடுத்திப் படத்துக்கு நிற்க வர வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். விளக்கை எல்லாம் சரிசெய்து வைத்துவிட்டுப் புகைப்படக்காரர் நகம் கடித்துக்கொண்டிருந்தபோது, கிளிப்பம்மாவின் மகள் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்ததும் வந்து அம்மாவைக் கூட்டிப்போவாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், மூக்கின்மேல் முகக்கவசம் அழுத்திய தழும்பு.

"அக்கா, வீட்டுல வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறோமே?" என்றார் புகைப்படக்காரர்.

"ஐயோ, ஆளை விடுங்கண்ணா. கால் கெஞ்சுது."

"கால் படத்துல விழாதும்மா."

கிளிப்பம்மா மகளைப் பார்த்தாள். ஊரில் உள்ளவர்களை எல்லாம் ராணியாக்கி அனுப்பிய கைக்கு, சொந்தப் பெண்ணின் நல்ல படம் ஒன்றுகூட இல்லை. இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அவள் எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் போல இருந்தாள்.

"ஒரே ஒரு படம், குட்டி. எனக்காக."

"உனக்காகன்னு ஆரம்பிச்சா நான் தொலைஞ்சேன்" என்று சிரித்துக்கொண்டே அவள் திரைக்குப் பின்னால் போனாள்.

கவுனைத் தலைவழியாக இறக்கி நாடாவை எடுக்கக் கையை நீட்டினாள் கிளிப்பம்மா. தேவைப்படவில்லை. எவள் முதுகிலும் சேராத இரண்டு ஓரங்களும் தாமாக வந்து முட்டிக்கொண்டு நின்றன. ராத்திரிச் சாப்பாட்டைப் பாதி நாள் விட்டுவிடுகிற பெண்ணின் இடுப்பு. அதைப் பார்த்து ஒரு தாய்க்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். அவளுக்குப் பெருமைதான் பொங்கியது. கிளிப்புகளை மடியிலிருந்து தரையில் கொட்டினாள். பொத்தான் கொக்கியை எடுத்தாள். கீழிருந்து மேலாக, சிப்பிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் துளைக்குள் இழுத்தாள். பட்டு கிழியவில்லை. முறுக்கிக்கொள்ளும் விரல்கள் அன்று வெண்ணெயில் இறங்குவதுபோல ஓடின. ஒவ்வொரு பொத்தானுக்கும் மகள் கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"இறுக்குதா?"

"இல்லம்மா. அலுப்பே தெரியல. யாரோ பின்னால தாங்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு."

அந்தப் பேச்சு கிளிப்பம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மகள் முகத்தில் இருந்த தெளிவு பிடித்திருந்தது.

அசையாதே என்று புகைப்படக்காரர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் நாற்காலியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். கையுறைக்குள் விரல்கள் மடங்கியிருந்தன. இமைக்கவில்லை. தகரக் கூரையில் மழை இரைந்தது. வெள்ளை விளக்கு பளிச் பளிச்சென்று வெடித்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் சுவரில் இருந்த பெண்கள் ஒரு கணம் முன்னால் வந்து பின்னால் போனார்கள். "பிரமாதம்" என்று அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு, முதலாளியம்மாவுக்குப் படம் அனுப்ப முன்கூடத்துக்குப் போய்விட்டார்.

"கழட்டிவிடும்மா. வீட்டுக்குப் போலாம்."

கண்ணாடிக்கு முன்னால் மகளை நிறுத்தி, கிளிப்பம்மா கழுத்திலிருந்து தொடங்கினாள். பழகின வேலை. கை தன்பாட்டுக்குக் கழற்ற, மனசு வீட்டில் போய்க் காலை நீட்டிப் படுத்தது. இடுப்புவரை வந்து நிமிர்ந்தாள்.

கழுத்துப்பட்டி பூட்டியிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மறுபடி மேலிருந்து தொடங்கினாள். அந்த வாசனை வந்தது. வெதுவெதுப்பாக. புளிப்பாக. துணியிலிருந்து அல்ல, துணிக்குள்ளிருந்து.

"ஏம்மா இன்னும் போட்டுக்கிட்டே இருக்க?"

"கழட்டறேன்டி."

"இல்லையே. இறுக்கற. மூச்சு முட்டுது."

கிளிப்பம்மா கையை எடுக்காமல் கண்ணை மட்டும் மேலே தூக்கினாள். அப்போது பார்த்தாள். தோளுக்கு நடுவே, கழற்றிவிட்ட ஒரு பொத்தான் மெல்ல நகர்ந்தது. துளை விரிந்தது. உள்ளே, மகளின் முதுகு இருக்க வேண்டிய இடத்தில், வெளுத்த நகம் ஒன்று தெரிந்தது. அது பொத்தானைக் கவ்வி இழுத்தது. பூட்டியது. அடுத்ததற்குப் போனது.

இடுப்பு சிறுத்திருந்தது. இன்னும் சிறுத்தது.

கத்திரிக்கோல் மேஜைமேல் இருந்தது. எடுத்தாள். பக்கத் தையலில், துணியை மட்டும் தூக்கிப் பிடித்து, ஒரு வெட்டு.

"அம்மா! குத்தாத!"

தோலைத் தொடவே இல்லை. துணியைத்தான். சாம்பல் பட்டின் விளிம்பில் சிவப்பு ஊறியது. சொட்டியது.

கத்திரிக்கோல் கீழே விழுந்தது. கிளிப்பம்மா "தம்பி!" என்று முன்கூடத்தில் இருந்த புகைப்படக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினாள். மழை அதை விழுங்கியது. வெறும் விரல்களால் பொத்தான்களைப் பிய்த்தாள். ஒன்றைத் திறந்தால் இரண்டு பூட்டின. நகம் பிய்ந்தது. மறுபடி. மறுபடி. இந்தக் கையால் பூட்டினேனே. இந்தக் கையால்தானே.

"போதும்மா… விடும்மா… கையை எடு."

"எடுத்துட்டேன். பாரு குட்டி. எடுத்துட்டேன்."

கண்ணாடியில் மகள் பார்க்கும்படி, தோளுக்கு மேலே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

மகள் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. அவளுடைய கைகளோ முன்னால், கையுறைக்குள், மடங்கி.

"அப்போ… இது யாரும்மா?"

கிளிப்பம்மா மகளின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பொத்தான் பூட்டிவிட்டது. லேஸ் அங்கே முடிந்தது. துணி அங்கே முடிந்தது. அதற்கு மேலே, பெற்றதிலிருந்து அவள் எண்ணெய் தேய்த்துவிட்ட தோலில், நடு வகிடாக ஒரு கோடு விழுந்தது. கோட்டின் ஓரத்தில் ஒரு சிப்பிப் பொத்தான். அதற்கு மேலே இன்னொன்று. முடிக்குள் ஏறி, தலையின் வளைவில், வரிசையாக, நிதானமாக, உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டே போயின.