வீட்டிலை எத்தினை பேர்?

"நீங்கள் ஒராள்தான் பிள்ளை மூண்டு தரம் வந்து பாத்தனீங்கள்" என்று குணலட்சுமி சொன்னபோது, வினோஜா கையிலிருந்த தேநீரைக் கீழே வைக்க இடம் தேடினாள்.

அவள் மூன்று தரம் வரவில்லை. வீட்டுக் கணக்கெடுக்க ஒரே தரம்தான் வந்தாள். அதுவும் படலைக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனாள்.

தனியாக இருந்து செத்துப்போன மீனாம்பிகைக் கிழவியின் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு அன்று. பண்டத்தரிப்பிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையின் கடைசி வீடு அது. கனடாவிலிருந்து வந்த மகள் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். மாரி மழை விட்டு முற்றமெல்லாம் ஈரம். சாம்பிராணியும் நனைந்த வைக்கோலும் பழைய வீட்டின் பூஞ்சண மணமும் கலந்து மூக்கை அடைத்தன. முகத்தைக் காட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் வினோஜா வந்திருந்தாள். பக்கத்து வளவு குணலட்சுமி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"புதனும் வியாழனும், விளக்கு வைக்கிற நேரம், உங்கடை குரல் வேலியாலை கேட்டது. 'வீட்டுக்காரர், வீட்டிலை எத்தினை பேர்?' எண்டு கேட்டியள். மாமி எவ்வளவு சந்தோசமாய்ச் சொன்னவ தெரியுமே, 'நான் ஒராள்தான் பிள்ளை, உள்ளுக்கை வா' எண்டு. ரெண்டு மூண்டு நாளாய் ஆளை வெளியிலை காணேல்லை, ஒருக்காப் போய்ப் பாப்பம் எண்டுதான் இருந்தனான். உங்கடை குரல் கேட்டாப் பிறகு, சரி, பிள்ளை பாத்துக்கொள்ளும் எண்டு விட்டிட்டன்."

வினோஜா தேநீரைக் காலடியில் வைத்தாள்.

"வியாழன் நீங்கள் திரும்பிப் போனதைத்தான் நான் காணேல்லை. நீங்கள் போனாப் பிறகுதான் மாமி விழுந்திருக்கவேணும். என்ன பிள்ளை?"

குணலட்சுமியின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பெண்ணுக்கும் தூக்கம் இல்லை, அவளும் ஒரு பதிலுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

"ஓம்" என்றாள் வினோஜா.

சொன்ன உடனே முகம் எரிந்தது. தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. நடந்தாள். இருபக்கமும் பூட்டிய வீடுகள். குடிசனமதிப்பு வேலையை அவளிடம் தந்தபோது இந்தக் கிராமத்தில் நூற்றிப் பதினெட்டு வீடுகள் என்றார்கள். அதில் முப்பத்தொன்று பூட்டு. ஆட்கள் கனடா, லண்டன், சுவிஸ். இருபத்திரண்டு வீடுகளில் வயதுபோன ஒருவர் மட்டும். எத்தனை அறை, என்ன கிணறு, விறகா காஸா, வெளிநாட்டில் எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிற்று. கூப்பிட்டு ஆள் வராவிட்டால் வேறுவேறு நாளில் மூன்று தரம் போகவேண்டும், போன திகதியையும் நேரத்தையும் எழுதவேண்டும், அதற்குப் பிறகுதான் 'ஆளில்லை' என்று போடலாம். அதுதான் விதி.

போன கிழமை செவ்வாய் காலை மீனாம்பிகையின் படலையைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. ஒரே ஒருதரம் கூப்பிட்டாள். பதில் இல்லை. உள்ளே, சீமெந்துத் தரையில், தட்டொன்றை இழுப்பதுபோல ஒரு சத்தம். கொஞ்சம் நின்று, திரும்பவும் இழுபட்டது. பூனையாக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை கதவை உடைத்தபோது கிழவியின் கைக்குள் ஒரு சில்வர் தட்டு இருந்ததாம். வியாழன் இரவு விழுந்திருப்பா என்று ஊர் முழுக்கச் சொன்னது. செவ்வாயே விழுந்து கிடந்தாள் என்பது வினோஜாவுக்கு மட்டும் தெரியும்.

மகளுக்குக் காய்ச்சல், அதனால்தான் திரும்பிப் போகவில்லை என்று இத்தனை நாளும் மனதுக்குள் சொல்லிவந்தாள். வெறும் சாட்டு. சாருஜாவின் காய்ச்சல் திங்களே விட்டுவிட்டது. புதன் காலை குசினி மேசையில் வசதியாக இருந்து, கணக்கெடுப்புப் புத்தகத்தின் மீதி முழுவதையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். மீனாம்பிகை வீடு: இரண்டாம் வருகை புதன், மாலை ஆறு பத்து, மூன்றாம் வருகை வியாழன், மாலை ஆறு பத்து, ஆளில்லை. நேரத்தைக்கூட மாற்றி யோசிக்கப் பஞ்சி, அத்தனை சோம்பல்.

அப்படியென்றால் அந்த இரண்டு மாலையும் அங்கே போய்க் கூப்பிட்டது யார்? விழுந்து கிடந்தவளின் குரலில் பதில் சொன்னது யார்?

ஒழுங்கையில் அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் நின்றாள். சத்தம் கொஞ்சம் பிந்தி நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக நடந்தாள்.

செத்த வீட்டுக்குப் போன உடுப்போடு முன்பக்கத்தால் உள்ளே போகக்கூடாது. வளவின் பின்பக்கத்தால் நுழைந்து, கிணற்றடியில் தலைக்கு வார்த்தாள். முன் அறையில் சாருஜா ரீவி பார்க்கும் சத்தம் கேட்டது. ஒன்பது வயது, தாய் வந்ததே அவளுக்குத் தெரியாது. தகப்பன் பிரவீணன் கட்டாரில். வீட்டில் இவர்கள் இரண்டு பேரும்தான்.

தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வினோஜா பின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சாருஜா மத்தியானம் சாப்பிட்ட தட்டு வழக்கம்போல கட்டிலடியில் கிடந்தது. ஏசுவதற்கும் மனம் வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். வருகிற திங்கள் ஒப்படைக்கவேண்டும். அதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒருதரம் பார்க்கவேண்டும்போல இருந்தது.

மீனாம்பிகையின் வரி அவள் எழுதியபடியேதான் இருந்தது. கீழே, கடைசி வரி. நூற்றிப் பதினெட்டாவது வீடு. அவளுடைய சொந்த வீடு.

கணக்கெடுப்பவர் தன் வீட்டையும் தானே எழுதவேண்டும். தன் படலையில் நின்று யார் கூப்பிடுவார்கள்? வேலையைக் கடைசி நாள்வரை இழுத்ததுபோலக் காட்ட, அதற்கும் ஒரு பிந்திய திகதியைப் போட்டிருந்தாள்.

இன்றைய திகதி. வெள்ளி, மாலை ஆறு பத்து.

சுவர் மணிக்கூட்டில் ஆறு ஐந்து.

பேனையை எடுத்தாள். அந்த வரியை வெட்டினால் அது வராது. ஆனால் வெட்டினால் பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். மேற்பார்வையாளர் தியாகராசா ஒரு வெட்டைக் கண்டால் முழுப் பக்கத்தையும் பார்ப்பார். இதை ஏன் வெட்டினீர், அப்ப மற்றது சரியோ என்று கேட்பார். மீனாம்பிகை வரிக்கு வருவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இனி ஒரு பருக்கையை எப்படி அசைப்பது? கனடாக்காரி கேட்பாள். குணலட்சுமி கேட்பாள். ஊர் கேட்கும். தட்டுச் சத்தம் கேட்டும் போனவள் என்று சாருஜாவின் பள்ளிக்கூடத்திலும் கதைப்பார்கள்.

அவள் தன் மானத்தைத்தான் நினைத்தாள். பிள்ளையைவிட அதைத்தான் முதலில் நினைத்தாள். அது விளங்கியபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது. பேனை முனையை வரியின் மேல் வைத்தாள். மை ஒரு புள்ளியாக ஊறியது. கை நகரவில்லை.

ஆறு ஒன்பது.

முன் அறையில் ரீவி நின்றது. மழைத் தவளைகளும் நின்றன.

படலையில் கம்பி கிலுங்கியது.

"வீட்டுக்காரர்..."

அவளுடைய குரல். அதே இழுவை. கடைசியில் கொஞ்சம் அலுப்பு.

"வீட்டிலை எத்தினை பேர்?"

"அம்மா!" சாருஜா சிரித்தாள். "என்ன விளையாட்டு? நான் ஒராள்தான்!"

வினோஜா துள்ளி எழுந்தாள். ஈரக் கால். வழுக்கும் சீமெந்து. கட்டில் சட்டம் இடுப்பில் இடித்தது. உள்ளே ஏதோ முறிந்தது. தரையில் கிடந்தாள். கால் அசையவில்லை. வாயைத் திறந்து மகளின் பெயரைக் கூப்பிட்டாள்.

காற்றுத்தான் வந்தது.

திரும்பவும் கூப்பிட்டாள். காற்று. குரல் இங்கே இல்லை. அது படலையடியில் நின்றது.

முன்கதவுத் தாழ்ப்பாள் விலகியது. சின்னக் கால்கள் முற்றத்துத் தண்ணீரில் ஓடின.

கை கட்டிலடியில் துழாவியது. தட்டு. பிடித்தாள். தரையில் இழுத்தாள். கொஞ்சம் நின்று, திரும்பவும் இழுத்தாள்.

"அம்மா, உள்ளுக்கை ஏதோ சத்தம் கேக்குது."

இழுத்தாள். இழுத்தாள்.

"பூனையாக்கும்" என்றது அவளுடைய குரல். "வா, போவம்."

பிறகு, வெளிப்பக்கத்திலிருந்து, படலைக் கம்பியை ஒவ்வொரு சுற்றாகச் சுற்றிக் கட்டும் சத்தம்.