இடிக்க வந்தவன்

மழை... குடை விரிக்கக்கூடத் தோன்றாமல் ஓடி வந்தவள், இடிக்கும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

ஊரின் முதல் பிரசவ ஆஸ்பத்திரியாக இருந்த பழைய வீடு அது. பழங்கட்டடங்களைக் காக்கும் அலுவலகத்தில் வரைபடம் போடுபவள் அவள். நான்கு மாதமாக அந்த வீட்டை ஜன்னல் ஜன்னலாக அளந்தவள். பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் போன் செய்திராவிட்டால் விஷயமே தெரிந்திருக்காது.

இடிக்கும் வேலையைப் பார்க்க வந்த இஞ்சினியர் அருகில் வந்தான். நனைந்த இமைகளுக்குள் கோபமாய் மின்னிய கண்கள்... ஒரு கணம் வந்த வேலையே மறந்துபோயிற்று அவனுக்கு.

"தள்ளி நில்லுங்க மேடம். உங்களுக்கு ஏதாவது ஆனா நான்தான் ரிப்போர்ட் எழுதணும்."

"எழுதுங்க. எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அனுமதிக் கடிதத்தை நீட்டினான். படித்தவளின் முகம் வெளுத்தது. வீட்டை வாங்கி, இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தவர்... அவளுடைய அப்பா. நேற்றுச் சாப்பிடும்போதுகூட, அந்த வீட்டு வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்த அப்பா.

அவன் இயந்திரத்தை அணைக்கச் சொல்லிவிட்டு அவளைப் படியில் உட்கார வைத்தான். அவள் பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்திருந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தவனுக்கு அடுத்த அதிர்ச்சி. பின்சுவர், பள்ளிக்கூடத்துக்கும் பொதுச்சுவர். இடித்தால் வகுப்பறையே சரியும். அவனிடம் தரப்பட்ட தாளில் அந்த விவரமே இல்லை.

வேலையை நிறுத்தச் சொல்லி அங்கேயே எழுதிக் கொடுத்தான். மறுநாள் அவன் வேலை போயிற்று.

அவள் அப்பாவோடு சண்டை போடவில்லை. அவருக்கு எதிராகவே கலெக்டரிடம் மனுப் போட்டாள். அவர் விக்கித்துப்போய் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விசாரணையில் இஞ்சினியர் சாட்சி சொன்னான். அவள் நிதானமாக ஒவ்வொரு அறையாக விளக்கினாள். அவள் முடித்ததும், யாரும் எதிர்பாராமல் அப்பா எழுந்தார்.

"என் பொண்ணு அளந்துக்கிட்டிருக்கிற வீடுன்னு தெரிஞ்சேதான், இடிச்சுட்டுக் கடை கட்டலாம்னு வாங்கினேன். அவகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல... இப்போ அவ ஒவ்வொரு அறையா சொன்னதைக் கேட்டப்புறம் மனசு வரல. இடிக்க வேண்டாம் சார்."

அவளுக்குக் கண்ணீர் வந்தது.

வெளியே, விடைபெற வந்த இஞ்சினியரை நிறுத்தினாள்.

"அப்பாவுக்கு எதிரா நின்னப்போகூட என் கை நடுங்கல. இப்போ உங்ககிட்ட பேசும்போது நடுங்குது... ஏன்னு தெரியுதா?"

கும்பிட எடுத்த கைகளை அவன் இறக்கிக்கொண்டான்.

"தெரியுது... மூணு வாரமா எனக்கும் இதே நடுக்கம்தான்."