பதினேழு பக்கக் கையேடு

கையேட்டின் பதினேழாம் பக்கத்துக்கு வந்தபோது சுண்டுவுக்குக் கொட்டாவி வந்தது. அன்றைக்கு அது ஏழாவது கொட்டாவி.

"எழுத்துப் பிழை இருக்கான்னு பாருடின்னா வாயைப் பிளந்துக்கிட்டு இருக்க," என்றாள் அக்கா.

"பிழை இல்லக்கா. ஒண்ணும் புரியல, அவ்வளவுதான்."

"உனக்கு எதுக்குப் புரியணும்? நூலகத்துக்குத்தானே எழுதினேன்."

தெருக்கோடியில் ஒரு கேட்கும் நூலகம் இருக்கிறது. அங்கே புத்தகங்களை யாராவது வாசித்துப் பதிவு செய்து வைப்பார்கள். கண் தெரியாதவர்கள் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பார்கள். பதிவுகள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன. வேண்டியதைத் தேடி எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அதற்காகத்தான் அக்கா மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதினாள். எல்லாப் பதிவுகளையும் அது பட்டியல் போடும். வாசித்தவர் யார், எத்தனை நிமிடம் ஓடும் என்று சொன்னால் வேண்டாததை வடிகட்டி ஒதுக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் காட்டும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லத்தான் இந்தக் கையேடு. நேற்றே மென்பொருளையும் கையேட்டின் ஒரு பிரதியையும் நூலகத்தில் கொடுத்தாயிற்று. பிழை பார்ப்பது மட்டும் இன்றைக்கு. அக்காவின் காரியங்கள் எல்லாமே இப்படித்தான்.

போன் அடித்தது. நூலகர்தான், அன்றைக்கு மூன்றாவது முறையாக.

"பட்டியலே வரலம்மா."

"நாலாம் பக்கம் பாருங்க ஆன்ட்டி."

"பார்த்தேன். 'பட்டியல் திரையில் தோன்றும்'னு போட்டிருக்க. ஒண்ணும் தோணலையே. இங்க லாரிக்காரர் வந்து உட்கார்ந்திருக்கார். அவர் கேட்டுட்டு வர்ற கதையில கடைசிப் பாகம் மட்டும் பாக்கி. நாளைக்குக் காலையில பொண்ணு வீட்டுக்குக் கிளம்புறார், இனிமே அங்கதான் இருக்கப்போறாராம். கதையோட பேரும் அவருக்கு நினைவில்ல. நான் இந்த வேலைக்கு வந்தே நாலு நாள்தான், எனக்கு என்ன தெரியும்? ஆறு மணிக்குப் பூட்டணும் வேற."

அக்கா போனை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் எழுதி வச்சிருக்கேன். படிச்சாத்தானே? நாளைக்கு எனக்குப் பரீட்சை. சுண்டு, நீ போய்ப் படிச்சுக் காட்டிட்டு வா."

மணி ஐந்தாகியிருந்தது. சுண்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

நூலகர் கணினிக்கு முன்னால் கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். "நான்தான் எதையோ அமுக்கி எல்லாத்தையும் அழிச்சிட்டேன் போல," என்றார். சன்னலோரத்தில் லாரிக்காரர் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். எத்தனையோ ஊர்களுக்கு வண்டி ஓட்டிய மனிதர். பார்வை போனபின் இந்த நாற்காலிதான் அவருடைய ஊர்.

"கிடைக்கலேன்னா விடும்மா," என்றார் அவர். அவர் குரலில் அது விடக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை. சுண்டுவுக்குப் பாவமாக இருந்தது.

அவள் கையேட்டில் இருந்ததை ஒரு வரி விடாமல் செய்தாள். திரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இரண்டாம் தடவையும் அதே கதை. அக்காவுக்கு போன் போட்டாள்.

"எனக்கு இங்க வருதுடி," என்று எரிந்து விழுந்தாள் அக்கா. "கண்ணைத் திறந்து பாரு."

"கத்தாதக்கா. உன் திரையில மேலேருந்து என்னென்ன இருக்கு, வரிசையாச் சொல்லு."

"மேல ஃபோல்டர் பேரு. அதுக்குக் கீழ..."

"நில்லு. இங்க அந்த இடம் காலியா இருக்கு."

"காலியா? எந்த ஃபோல்டர்ல பதிவெல்லாம் இருக்குன்னு முதல்ல காட்டணும்ல? அதை ஒரே ஒரு தடவை காட்டினாப் போதும், அப்புறம் அதுவே ஞாபகம் வச்சுக்கும். நான் இங்க மூணு மாசம் முன்னாடியே..."

"அதை எத்தனாம் பக்கத்துல எழுதியிருக்க?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"எழுதலையே," என்றாள் அக்கா மெதுவாக.

பதினேழு பக்கம் எழுதியவள் முதல் வேலையை விட்டுவிட்டாள். சுண்டுவுக்கு வந்த கோபத்துக்குக் கையேட்டைச் சுருட்டி வீசியிருப்பாள். நேரம் இல்லை. அவள் ஃபோல்டரைக் காட்டியதும் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் மளமளவென்று வந்து நின்றன.

"நான் எதையும் அழிக்கல," என்று நூலகர் பெருமூச்சு விட்டார்.

இனி இந்தக் கூட்டத்தில் கதையைத் தேட வேண்டும். 'தேவையான வடிகட்டியைத் தேர்வு செய்க' என்றது கையேடு. எது தேவை என்று அது சொல்லவில்லை. சுண்டு அதை மூடிவைத்துவிட்டு லாரிக்காரரிடம் போனாள்.

"மாமா, பேரு வேணாம். உங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லுங்க. வாசிச்சது யாரு?"

"அது தெரியாதா? நம்ம போஸ்ட்மேன். இருபது வருஷம் எனக்குக் கடுதாசி கொண்டுவந்த குரலாச்சே."

வாசித்தவர் என்ற இடத்தில் போஸ்ட்மேன் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். இருநூற்றுப் பதினான்கு நின்றன. போஸ்ட்மேன் சும்மா இருக்கும் ஆள் இல்லை போலிருக்கிறது.

"ஒவ்வொரு பாகமும் எவ்வளவு நேரம் ஓடும்?"

"மூணரைக்குக் கேட்க ஆரம்பிப்பேன். முடியுறதும் பள்ளிக்கூடத்துல நாலு மணி அடிக்கிறதும் சரியா இருக்கும்."

இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து நிமிடம் வரை என்று சுண்டு கணினியில் குறித்தாள். ஒன்பது பதிவுகளே நின்றன. அவற்றில் ஏழு ஒரே பெயரில் இருந்தன.

"நங்கூரம், ஏழாம் பாகம்," என்று படித்தாள்.

"அதேதான்," என்றார் லாரிக்காரர். "எப்படித் தேடறதுன்னு எழுதி வச்சிடறேன் மாமா, நீங்க கேளுங்க," என்றாள் சுண்டு. அவர் ஹெட்போனைக் காதில் ஏற்றினார். மணி ஐந்து நாற்பது.

அவர் கேட்கும் நேரத்தில் சுண்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தான் செய்ததை எல்லாம் எழுதினாள். முதலில் ஃபோல்டர். அப்புறம், கேட்க வந்தவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பது. அரைப் பக்கம்கூட வரவில்லை. நூலகர் அதைப் பார்த்துப் பார்த்துத் தானே ஒரு பதிவைத் தேடி எடுத்தார். பிறகு இன்னொன்று.

அக்கா தலைகூட வாராமல் ஓடிவந்தாள். வாயைத் திறக்கப்போனவளைச் சுண்டு விரலை உயர்த்தி அடக்கினாள். ஆறு அடித்தது. நூலகர் சாவியைக் கையில் எடுத்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஆறு பத்துக்கு லாரிக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"முடிவு என்ன மாமா?" என்று அக்காவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதை நான் சொல்ல மாட்டேன்," என்று லாரிக்காரர் எழுந்தார். "எப்படித் தேடி எடுக்கறதுன்னு உன் தங்கச்சி எழுதி வச்சிருக்கா. படிச்சுப் பார்த்து, நீயே எடுத்துக் கேட்டுக்க."